கப்பல் நிற்பது ஒரே ஒரு பகல்: யாழ்ப்பாணம் பார்க்கப் போகும் தங்கச்சிக்கு அக்காவின் டிப்ஸ்

குருவிகுளம், திருவேங்கடம், சங்கரன்கோவில் பக்கமெல்லாம் இப்போது கப்பல் சுற்றுலாப் பேச்சு வந்துவிட்டது. சீட்டுப் பணம் எடுத்தவர்கள், வெள்ளிவிழாக் கல்யாணநாள் வருகிறவர்கள், பிள்ளைகள் வேலைக்குப் போய்க் கையில் கொஞ்சம் காசு புரள்கிறவர்கள் எல்லாரும் ஒரு தடவையாவது கப்பலில் போய்விட்டு வரவேண்டும் என்கிறார்கள். நல்ல ஆசைதான். 2023 ஜூன் 5 அன்று சென்னைத் துறைமுகத்தில் இருந்து இலங்கைக்கு சொகுசுக் கப்பல் சேவை தொடங்கியது. கார்டீலியா நிறுவனத்தின் 'எம்ப்ரஸ்' கப்பல் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்ற மூன்று துறைகளைத் தொட்டு வரும்படி பயணம் போட்டார்கள். அந்த மாதம் 16-ஆம் தேதி அது முதல் தடவையாகக் காங்கேசன்துறைக்குப் போனது. காங்கேசன்துறை என்றால் யாழ்ப்பாணத்தின் வாசல்.

என்னிடம் கேட்க வருகிறவர்கள் கப்பலில் என்ன சாப்பாடு, நீச்சல் குளம் உண்டா, அறையில் ஜன்னல் இருக்குமா என்றுதான் கேட்கிறார்கள். கரையில் இறங்கும் அந்த ஒரு பகலை எப்படிக் கழிப்பது என்று யாரும் கேட்பதில்லை. ஆனால் ஊருக்குத் திரும்பி வந்தபிறகு மனதில் நிற்பது அந்தப் பகல்தான். அதை ஒழுங்காகப் போட்டுக்கொள்ளாவிட்டால், வண்டியில் ஏறினோம், இறங்கினோம், போட்டோ எடுத்தோம் என்று முடிந்துவிடும்.

தங்கச்சி, முதலில் ஒன்றைப் பிடித்துக்கொள். ஒரு பகலில் ஓர் ஊரை முழுதாகப் பார்க்க முடியாது. அதனால் எதையெல்லாம் விட்டுவிடப் போகிறாய் என்பதை முதலில் முடிவு செய். மீதி இருப்பதை நிதானமாகப் பார். கீழே சொல்லும் எல்லாமே இந்த ஒன்றிலிருந்துதான் வருகிறது.

புறப்படுவதற்கு முன்

1. டிக்கெட் போடும்போது துறைமுகத்தின் பெயரைப் பார். சீசனுக்குச் சீசன், பயணத்துக்குப் பயணம் கப்பல் நிற்கும் ஊர் மாறும். 'இலங்கை டூர்' என்று மட்டும் சொல்வார்கள். காங்கேசன்துறை இருக்கிறதா, இருந்தால் எந்த நாள், எத்தனை மணிக்கு வந்து எத்தனை மணிக்குப் புறப்படும் என்று எழுத்தில் வாங்கிக்கொள். அம்பாந்தோட்டையில் இறங்கினால் கதிர்காமம், திருகோணமலையில் இறங்கினால் கோணேசர் கோயில் என்று நாளின் கணக்கே வேறாகிவிடும்.

2. பாஸ்போர்ட்டுக்கு இப்போதே நட. நம் பக்கத்துக்குத் திருநெல்வேலியில் பாஸ்போர்ட் சேவா மையம் இருக்கிறது. போலீஸ் விசாரணை, முகவரித் திருத்தம், கல்யாணத்துக்குப் பிறகு பெயர் மாறியது என்று ஏதாவது ஒன்று இழுக்கும். பயணம் முடியும் நாளுக்கு அப்புறமும் ஆறு மாதமாவது பாஸ்போர்ட் செல்லுபடியாக வேண்டும். இலங்கையில் இறங்கும் அனுமதிக்கு நீ தனியாக விண்ணப்பிக்க வேண்டுமா, கப்பல்காரர்களே பார்த்துக்கொள்வார்களா என்று ஏஜென்ட்டிடம் கேட்டு, பதிலை வாட்ஸ்அப்பிலாவது எழுத்தாக வாங்கு.

3. சென்னைக்கு ஒரு நாள் முன்னதாகப் போய்ச் சேர். சங்கரன்கோவிலில் பொதிகை ஏறினால் காலையில் எழும்பூர். ஆனால் ரயில் தாமதமானால் கப்பல் நமக்காக நிற்காது. முதல் நாள் இரவு அங்கே சொந்தக்காரர் வீட்டிலோ லாட்ஜிலோ தங்கிக்கொண்டால் நிம்மதி. திரும்பும்போதும் கப்பல் வந்து சேரும் நாள் சாயங்காலமே ரயில் போடாதே. குடியேற்றச் சோதனை, சுங்கம், பெட்டி எடுப்பது என்று எவ்வளவு நேரமாகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

4. வீட்டுப் பக்கத்திலேயே ஓர் ஒத்திகை பார். இதை யாரும் சொல்லமாட்டார்கள், நான் சொல்கிறேன். கப்பலுக்குக் கூட வரப்போகிறவர்களைக் கூட்டிக்கொண்டு ஒருநாள் கழுகுமலைக்குப் போ. முருகன் கோயில், மலைமேல் சமணச் சிற்பங்கள், வெட்டுவான் கோயில் மூன்றையும் பார். கையில் கடிகாரம் வைத்துக்கொள். அம்மாவுக்கு ஏற எவ்வளவு நேரம், பிள்ளைக்கு எப்போது பசிக்கிறது, யார் போட்டோவுக்கு நின்று நின்று பின்தங்குகிறார்கள் என்பதெல்லாம் தெரிந்துவிடும். உன் கூட்டத்தின் வேகம் தெரியாமல் அயலூரில் நாள் போடக்கூடாது.

கடிகாரத்தைப் பின்னாலிருந்து எண்ணு

5. தாளில் பத்து மணிநேரம் என்று இருந்தால் உன் கையில் கிடைப்பது ஆறு, ஆறரை. ஓர் உதாரணம் சொல்கிறேன். கப்பல் காலை 8 மணிக்கு வந்து மாலை 6 மணிக்குப் புறப்படும் என்று வை. கப்பலில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இருப்பார்கள். எல்லாரும் ஒரே வழியாகத்தான் இறங்க வேண்டும். இறங்கி, பாஸ்போர்ட் சோதனை முடிந்து, வண்டியில் உட்கார 9.30 ஆகிவிடும். புறப்படுவதற்கு ஒரு மணிநேரம் முன்னால், அதாவது 5 மணிக்குள் எல்லாரும் கப்பலில் இருக்க வேண்டும் என்பார்கள். வாசலில் வரிசை இருக்கும் என்பதால் நீ 4 மணிக்குத் துறைமுகத்தில் இருக்க வேண்டும். மிச்சம் எவ்வளவு என்று பார். ஆறரை மணிநேரம். நாளை இந்த 4 மணியிலிருந்து பின்னோக்கித்தான் போட வேண்டும்.

6. கப்பல் துறையில் கட்டுமா, வெளியே நங்கூரம் போடுமா என்று கேள். வெளியே நின்றால் சின்னப் படகில் கரைக்குக் கூட்டிப் போவார்கள். போக அரைமணி, வர அரைமணி கூடுதலாக ஒதுக்கு. படகு ஆடும்போது கால் மாற்றி வைப்பது முழங்கால் வலி உள்ளவர்களுக்குச் சிரமம். பணியாளர்கள் கை கொடுப்பார்கள். வெட்கப்படாமல் பிடித்துக்கொள்ளச் சொல். கையில் பை, போன் எதுவும் இருக்கக்கூடாது.

7. கடிகாரத்தை மாற்ற வேண்டாம். இலங்கைக்கும் நமக்கும் ஒரே நேரம். ஆனால் மற்ற நாடுகளுக்குப் போகும் கப்பலில், கப்பலின் நேரம் ஒன்றும் ஊரின் நேரம் ஒன்றுமாக இருக்கும். அங்கெல்லாம் கப்பலின் நேரத்தைத்தான் நம்ப வேண்டும். பின்னால் சிங்கப்பூர், மலேசியா பக்கம் போனால் இது உனக்கு உதவும்.

கப்பல் டூரா, தனி வேனா?

8. கப்பல்காரர்களே நடத்தும் டூரில் போனால் காசு கூட ஆகும். ஆனால் வழியில் வண்டி பழுதானால், பாதை அடைபட்டால், அவர்கள் வண்டிக்காகக் கப்பல் காத்திருக்கும், இல்லையென்றால் அடுத்த ஊருக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவர்கள் பொறுப்பாக இருக்கும். தனியாக வேன் பேசிப் போனால் காசு குறைவு, நினைத்த இடத்தில் நிறுத்தலாம். ஆனால் நேரம் தவறினால் கப்பல் போய்விடும். முதல் தடவை போகிறவர்கள், பெரியவர்களை அழைத்துப் போகிறவர்கள் கப்பல் டூரிலேயே போங்கள். ஏழெட்டுப் பேர் ஒரே வீட்டார், நடமாட்டம் உள்ளவர்கள் என்றால் தனி வேன் சரி.

9. வண்டியைவிட வழிகாட்டி முக்கியம். இலங்கையில் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபை வழிகாட்டிகளுக்கு உரிமம் கொடுக்கிறது. அடையாள அட்டை கழுத்தில் இருக்கும், பார். யாழ்ப்பாணத்துக்காரராக, தமிழில் சொல்பவராகக் கேட்டு வாங்கு. கொழும்பிலிருந்து வரும் வழிகாட்டி ஆங்கிலத்தில் ஆண்டுகளைச் சொல்வார். அந்த ஊரில் பிறந்தவர், இந்த மதிலுக்குப் பின்னால் எங்கள் பள்ளிக்கூடம் இருந்தது என்று காட்டுவார். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் நீ கொடுக்கும் பணத்தின் மதிப்பு.

10. ஏறும்போதே மூன்று கேள்வி கேள். எத்தனை இடம் நிறுத்துவீர்கள்? ஒவ்வொரு இடத்திலும் எவ்வளவு நேரம்? கடைக்குக் கூட்டிப்போவது கட்டாயமா? எட்டு இடம், பத்து இடம் என்று சொன்னால் அதில் பாதியை நீயே அடித்துவிடு. நான்கு இடம் போதும். பஸ்ஸில் முன்வரிசையில் உட்கார். வழிகாட்டி மைக்கில் சொல்வது காதில் விழும், இறங்கும்போது முதலில் இறங்கி அவர் பக்கத்தில் நடக்கலாம். நல்ல விஷயங்களை அவர் மைக்கில் சொல்வதைவிட நடக்கும்போதுதான் சொல்வார்.

நான்கு இடம், ஒரு வரிசை

11. தூரத்தை முதலில் முடி, பக்கத்தைக் கடைசியில் வை. காங்கேசன்துறையிலிருந்து யாழ்ப்பாண நகரம் சுமார் 18 கிலோமீட்டர். காலையில் நேரே நகரத்துக்குப் போய்விட்டுத் துறைமுகத்தை நோக்கித் திரும்பிக்கொண்டே வந்தால், கடைசி இடம் துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருக்கும். எங்காவது தாமதமானாலும் அந்தக் கடைசி இடத்தைச் சுருக்கிக்கொள்ளலாம். கப்பலுக்குப் பங்கமில்லை.

12. முதலில் நல்லூர் கந்தசுவாமி கோயில். உச்சிப்பூசைக்குப் பிறகு நடை சாத்திவிடும் என்பதால் காலையிலேயே போய்விட வேண்டும். கருவறையில் வேல்தான் மூலவர். பூசை நேரம் நிமிடம் தவறாமல் நடக்கும். அர்ச்சனைச் சீட்டு ஒரு ரூபாய் என்பது ஊரறிந்த பெருமை. ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். தம்பிக்கும் மச்சானுக்கும் வேட்டி கட்டிக்கொள்ளச் சொல். நமக்குச் சேலையோ, துப்பட்டாவோடு சுடிதாரோ போதும். உள்ளே போட்டோ எடுக்காதே. நல்லூர்தான் யாழ்ப்பாண அரசர்களின் தலைநகரம். பழைய கோயிலைப் போர்த்துக்கீசியர் இடித்தார்கள். இப்போது நாம் பார்க்கும் இடத்தில் டச்சுக்காரர் காலத்தில், 1734-இல் மறுபடி எழுந்தது. ஆறுமுக நாவலர் பிறந்த ஊரும் இதே நல்லூர். அவர் சென்னையில் அச்சுக்கூடம் வைத்து நூல்களைப் பதிப்பித்தார், சிதம்பரத்தில் பள்ளிக்கூடம் நிறுவினார். இதை வழிகாட்டியிடம் கேள், மகிழ்ந்து சொல்வார்.

13. திருவிழாக் காலமா என்று காலண்டர் பார். ஆடி அமாவாசை கழிந்து தொடங்கி 25 நாள் நல்லூரில் திருவிழா. சென்னையிலிருந்து கப்பல் போகும் மாதங்களில் அது வந்துவிடும். ஆடித்தபசு அன்றைக்குச் சங்கரன்கோவில் ரதவீதி எப்படி இருக்குமோ அப்படிக் கூட்டம் நிற்கும். கோயிலைச் சுற்றி வண்டி விடமாட்டார்கள், நடக்க வேண்டும். அந்த நாளில் போனால் மற்ற மூன்று இடத்தில் ஒன்றை விட்டுவிடு. திருவிழாவைப் பார்ப்பது அதைவிடப் பெரிது. வெள்ளிக்கிழமையும் கூட்டம் அதிகம்.

14. இரண்டாவது, யாழ்ப்பாணப் பொது நூலகம். இதை எந்தக் காரணத்துக்காகவும் விடாதே. 1933-இல் கே.எம். செல்லப்பா தன் வீட்டிலேயே தொடங்கிய வாசிப்பு முயற்சி ஊரார் கைகொடுக்க நூலகமாக வளர்ந்தது. வெள்ளைக் கட்டடத்தைச் சென்னைக் கட்டடக் கலைஞர் நரசிம்மன் வடிவமைத்தார். 1959-இல் திறந்தார்கள். 1981 மே 31 இரவு தீ வைக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் எரிந்து போயின. இப்போது பிள்ளைகள் உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கும் நூலகம் அதே இடத்தில் மீண்டும் எழுந்தது. அவர்கள் பரீட்சைக்குப் படிக்கிறார்கள், சத்தம் போடாதே. வெளியாட்கள் உள்ளே போக நேரக் கட்டுப்பாடு உண்டு, விடுமுறை நாளும் உண்டு. வழிகாட்டியை முதல் நாளே கேட்டுவைக்கச் சொல். உள்ளே விடாத நேரமானால் வாசலில் சரஸ்வதி சிலையருகே நின்று அந்த வரலாற்றையாவது கேட்டுவிட்டு வா. கூட வரும் பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்.

15. மூன்றாவது, கோட்டை. நூலகத்திலிருந்து பக்கம்தான். 1619-இல் போர்த்துக்கீசியர் கடைசி அரசன் சங்கிலியைத் தோற்கடித்து நாட்டைப் பிடித்தார்கள். கடலேரிக் கரையில் கோட்டை எழுந்தது. 1658-இல் டச்சுக்காரர் அதைக் கைப்பற்றி ஐங்கோண வடிவில் பெரிதாகக் கட்டினார்கள். 1795-இல் ஆங்கிலேயர் கைக்குப் போனது. பவளப்பாறைக் கல் பதித்த மதிலைத் தொட்டுப் பார். உள்ளே இருந்த டச்சுத் தேவாலயம் உள்நாட்டுப் போரில் அழிந்துவிட்டது. மதில்மேல் ஒரு மரநிழல் கிடையாது. உச்சி வெயிலில் குடையும் தண்ணீரும் இல்லாமல் ஏறாதே. அரைமணி போதும். நுழைவுக் கட்டணம் வெளிநாட்டவருக்குத் தனி. சார்க் நாட்டவருக்குக் குறைவா என்று கேட்டு, பாஸ்போர்ட் நகலைக் காட்டு.

16. நான்காவது, கீரிமலை. துறைமுகத்துக்குப் பக்கத்தில், கடலோரத்தில் நன்னீர் ஊறும் கேணி இது. யாழ்ப்பாணத்தில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறு கிடையாது. மழைநீர் சுண்ணாம்புக்கல் வழியாக இறங்கி நிலத்துக்கடியில் தேங்குகிறது, அதில் ஒரு பங்கு இங்கே ஊற்றாக வெளிவருகிறது. ஒரு பக்கம் உப்புக் கடல், மதிலுக்கு இந்தப் பக்கம் நல்ல தண்ணீர். கரிசல் காட்டில் கோடையில் குடத்தோடு நிற்கும் நமக்கு இதன் அருமை சொல்லாமலே தெரியும். ஆண்கள் கேணி தனி, பெண்கள் கேணி தனி. குளிக்க நினைத்தால் மாற்றுத் துணி, துண்டு, ஈரத் துணிக்கு ஒரு பிளாஸ்டிக் பை வேண்டும். நேரமில்லையென்றால் காலை மட்டும் நனைத்துக்கொள். பக்கத்திலேயே நகுலேசுவரம். இலங்கையின் பழம்பெரும் ஐந்து ஈசுவரங்களில் ஒன்று. 1990-இல் குண்டு விழுந்து சிதைந்த கோயிலை மறுபடி கட்டி, 2012-இல் குடமுழுக்குச் செய்தார்கள். ஆடி அமாவாசை அன்று பிதிர்க்கடன் செய்ய ஊரே இங்கே திரளும். அன்றைக்குக் கப்பல் நின்றால் கீரிமலையை விட்டுவிடுவதே நல்லது.

நிலாவரைக் கிணறு, கந்தரோடை, மாவிட்டபுரம், நயினாதீவு, கசூரினாக் கடற்கரை எல்லாம் நல்ல இடங்கள்தான். இந்தப் பகலில் அவற்றுக்கு இடமில்லை. வண்டிக்காரர் போகிற வழிதான் என்பார். போகிற வழியில் இருப்பதும் நேரத்தைத் தின்னும்.

சாப்பாடும் கடையும்

17. காலைச் சாப்பாட்டைக் கப்பலிலேயே முடி, ஆனால் வயிறு முட்ட வேண்டாம். கடலில் ஆடிய உடம்பு தரையில் இறங்கியதும் கொஞ்சநேரம் தள்ளாடும். கப்பலில் இருந்து இட்லி, பழம் என்று கட்டிக்கொண்டு இறங்காதே. சமைத்த உணவையும் பழங்களையும் துறைமுகத்தில் அனுமதிப்பதில்லை. அடைத்த பிஸ்கட்டும் தண்ணீரும் போதும்.

18. மதியம் ஊர்ச் சாப்பாடு சாப்பிடு. நகரத்தில் வாழையிலைச் சைவச் சாப்பாடு கிடைக்கும். புட்டு, இடியப்பம், சொதி கிடைத்தால் விடாதே. நம் நெல்லைச் சொதி கல்யாண வீட்டு மறுநாள் விருந்து. அங்கே சொதி அன்றாடம், இன்னும் நீர்க்க, இடியப்பத்தின்மேல் ஊற்றிச் சாப்பிடுவது. யாழ்ப்பாண நண்டுக் கறியின் பெயர் பெரியது. ஆனால் சொல்லி, சமைத்து, உடைத்துச் சாப்பிட ஒரு மணிநேரத்துக்கு மேல் போகும். நேரம் இருந்தால் மட்டும் சொல். காரம் நம்மூரைவிடக் கூட இருக்கும். வெயிலுக்கு நல்லூர் பக்கம் ரியோவில் ஐஸ்கிரீம் சாப்பிடலாம், பிள்ளைகள் உன்னை வாழ்த்துவார்கள். குடிதண்ணீர் போத்தலில் அடைத்ததையே குடி.

19. வாங்குவதென்றால் பனைப்பொருள் வாங்கு. நம் ஊர்ப் பக்கமும் பனை உண்டு, கருப்பட்டி உண்டு. ஆனால் ஒடியல் மா, புழுக்கொடியல், பனாட்டு என்று பனையை அவர்கள் பயன்படுத்தும் விதம் தனி. 1978-இல் அமைந்த பனை அபிவிருத்திச் சபை இதற்கென்றே வேலை செய்கிறது, அதன் 'கற்பகம்' கடைகளில் கிடைக்கும். ஓலைப் பெட்டி, கைப்பை எல்லாம் பெண்கள் முடைந்தவை. பேரம் பேசி அவர்கள் கூலியைக் குறைக்காதே. உலர்ந்தது, பாக்கெட்டில் அடைத்தது என்று பார்த்து வாங்கு. கறுத்தக்கொழும்பான் மாம்பழம் வைகாசி, ஆனியில் கிடைக்கும். அதை அங்கேயே தின்றுவிடு. பழம், விதை, செடி எதையும் நாட்டுக்குள் கொண்டுவர விடமாட்டார்கள்.

கைப்பையில் என்ன?

20. கப்பல் அட்டை இல்லாமல் இறங்கவும் முடியாது, ஏறவும் முடியாது. அதைக் கழுத்தில் மாட்டி ரவிக்கைக்குள்ளோ சுடிதாருக்குள்ளோ விடு. பாஸ்போர்ட்டைக் கப்பலில் வாங்கி வைத்துக்கொண்டால் நகலும், போனில் ஒரு படமும் இருக்க வேண்டும். அத்தோடு அன்றைய மாத்திரை, ஒரு வேளைக்குக் கூடுதல் மாத்திரை, மருத்துவர் சீட்டு, தொப்பி அல்லது குடை, ஒரு மெல்லிய துண்டு, பழைய காலுறை ஒரு ஜோடி. காலுறை எதற்கு என்றால், வெயிலேறிய கோயில் வீதி மணலில் வெறுங்காலோடு நடக்க வேண்டும். சர்க்கரைநோய் உள்ளவர்கள் காலைச் சுட்டுக்கொள்ளக்கூடாது. கோயிலுக்குள் கழற்றிவிடலாம். தலைச்சுற்றலுக்கு இஞ்சி மரப்பா வைத்துக்கொள். வாந்தி மாத்திரையை மருத்துவரிடம் கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

21. பணத்தைக் கொஞ்சமாக மாற்று. நம் ஒரு ரூபாய்க்கு இலங்கை ரூபாய் மூன்றுக்கு மேல் கிடைக்கும். அதனால் அங்கே விலையைக் கேட்டதும் மிரளாதே, வகுத்துப் பார். சாப்பாடு, உண்டியல், நுழைவுச் சீட்டு, வழிகாட்டிக்கும் ஓட்டுநருக்கும் அன்பளிப்பு, கொஞ்சம் பனைப்பொருள். இவ்வளவுக்குப் போதுமானதை மட்டும் மாற்று. மிஞ்சினால் திரும்ப மாற்றும்போது நட்டம். அன்பளிப்பைத் தனி உறையில் முன்பே போட்டு வைத்துக்கொள்.

22. கடலில் போனை ஏரோப்ளேன் மோடில் போடு. கப்பலின் செயற்கைக்கோள் சிக்னலில் போன் தானாகவே ஒட்டிக்கொண்டால் பில் பயமுறுத்தும். கரையில் பேச வேண்டுமானால் ஊரிலேயே ரோமிங் பேக் போட்டுக்கொண்டு கிளம்பு. கப்பலின் துறைமுக முகவர் எண் அன்றைய நிகழ்ச்சித் தாளில் இருக்கும். அதைப் போனில் பதிவதோடு ஒரு காகிதத்திலும் எழுதி வை, போன் சார்ஜ் தீரும்.

அம்மாவும் பிள்ளைகளும்

23. இருவர் இருவராக ஜோடி சேர். ஒவ்வொருவரும் தன் ஜோடிக்குப் பொறுப்பு. வண்டி ஏறும்போது தலை எண்ணுவதைவிட இது உறுதியானது. பிள்ளைகள் சட்டைப் பையில் கப்பல் பெயர், உன் எண், வண்டி எண் எழுதிய சீட்டு இருக்கட்டும். இறங்கியதும் வண்டியின் நம்பர் பிளேட்டைப் படம் எடுத்துக்கொள். ஒரே மாதிரி வெள்ளை வேன் வரிசையாக நிற்கும்.

24. கழிப்பறை கண்ட இடத்தில் போய்விட்டு வா. வேண்டும் என்று தோன்றும்வரை காத்திருக்காதே. பெண்கள் தண்ணீர் குடிக்காமல் இருந்து சமாளிக்கப் பார்ப்பார்கள். அந்த வெயிலில் அது மயக்கத்தில் கொண்டுபோய் விடும். சாப்பிடும் இடம் சுத்தமான கழிப்பறை உள்ளதாக இருக்கட்டும் என்று வழிகாட்டியிடம் காலையிலேயே சொல். இதைச் சொல்வதில் கூச்சமே வேண்டாம்.

எப்படிப் பேசுவது, எதைப் படம் எடுப்பது

25. இதை நான் அழுத்திச் சொல்கிறேன். காங்கேசன்துறை, பலாலி வட்டாரம் 1990-க்குப் பிறகு நீண்டகாலம் ராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயமாக இருந்தது. வலிகாமம் வடக்கில் வீடு நிலத்தை விட்டுப்போன குடும்பங்கள் இருபது ஆண்டுக்கு மேலும் முகாமிலும் உறவினர் வீட்டிலும் கழித்தார்கள். நிலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் திருப்பிக் கொடுத்தார்கள். உன் வண்டி போகும் பாதையின் இருபக்கமும் அவர்கள் ஊர். கூரையில்லாத சுவர் தெரிந்தால் அது ஒருவருடைய வீடு. அதன்முன் நின்று செல்ஃபி எடுக்காதே. ராணுவ முகாம், காவல் சாவடி, துறைமுகப் பாதுகாப்புப் பகுதி ஆகியவற்றைப் படம் எடுக்கவே கூடாது.

26. போரில் உங்கள் வீட்டில் யார் போனார்கள் என்று நீயாகக் கேட்காதே. அவர்களாகச் சொன்னால் குறுக்கே பேசாமல் கேள். நமக்கு எல்லாம் தெரியும் என்று அரசியல் விளக்காதே, அனுபவித்தவர்கள் அவர்கள். பேச வேண்டுமானால் பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள், இந்த வருடம் வெங்காயம் எப்படி, புகையிலை எப்படி என்று கேள். கரிசல் காட்டுக்காரியிடம் செம்மண் தோட்டக்காரர் ஆசையாகப் பேசுவார். அவர்கள் பேச்சு வேகம் முதலில் புரியாது. மெதுவாகச் சொல்லச் சொல், சொல்வார்கள். 'நீங்கள்' என்று மரியாதையாகவே பேசு. சின்னவர்களிடமும் அப்படித்தான் அங்கே வழக்கம்.

கப்பல் நிற்காமல் போய்விட்டால்?

27. கடல் கொந்தளித்தால் கப்பல் கேப்டன் அந்தத் துறையைத் தவிர்த்துவிட்டுப் போகலாம். அது அவர் உரிமை, நம் உயிருக்காகத்தான். காசு கொடுத்துப் புறப்படும் முன்பே, அப்படி நடந்தால் கரை டூருக்குக் கட்டிய பணம் திரும்ப வருமா என்று கேட்டுவை. தனியாக வேன் பேசியிருந்தால் முழுப் பணமும் முன்கூட்டியே கொடுக்காதே, ஆனால் வேன்காரருக்கு உடனே தகவல் சொல். அவர் அந்த நாளுக்கு வேறு சவாரியை விட்டிருப்பார்.

28. நேரம் தவறிவிடும் என்று தெரிந்தால் வெட்கப்பட்டுக்கொண்டு இருக்காமல் உடனே துறைமுக முகவருக்குப் போன் போடு. கப்பல் போயே விட்டாலும் பயப்படாதே. கையில் பாஸ்போர்ட் நகலும் முகவர் எண்ணும் இருந்தால் வழி உண்டு. யாழ்ப்பாணத்தில் இந்தியத் துணைத் தூதரகம் இருக்கிறது, பலாலியில் விமான நிலையமும் இருக்கிறது.

விட்டதற்கு ஒரு வழி

29. அன்று இரவே கப்பலில் உட்கார்ந்து ஒரு தாளில் எழுது. பார்த்த நான்கு இடம், சந்தித்தவர்கள், சாப்பிட்டது, வழிகாட்டி சொன்னதில் உனக்குப் புதிதாக இருந்தது. பிறகு விட்டுவந்த இடங்களை ஒரு பட்டியல் போடு. அந்தப் பட்டியலைப் பார்த்து வருத்தப்படாதே, அது உன் அடுத்த பயணத்தின் திட்டம்.

30. அடுத்த தடவை கப்பல் சுற்றுலாவாகப் போகாதே. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் பயணிகள் படகு 2023 அக்டோபர் 14 அன்று தொடங்கி, இடையில் நின்று, 2024 ஆகஸ்ட் 16 முதல் 'சிவகங்கை' என்ற கப்பலோடு மறுபடி ஓட ஆரம்பித்தது. கடல் நிலையைப் பார்த்து நாட்களை மாற்றுவார்கள், அதனால் தேதியை உறுதி செய்துகொண்டு கிளம்பு. சில மணிநேரத்தில் அக்கரை. இரண்டு இரவு தங்கு. முதல் நாள் நயினாதீவு, இரண்டாம் நாள் நிலாவரையும் கந்தரோடையும் மாவிட்டபுரமும். நூலகத்துக்கு இன்னொரு தடவை போ, அப்போது கையில் தமிழ்நாட்டுப் புத்தகம் ஒன்று எடுத்துப் போய், அன்பளிப்பாக ஏற்றுக்கொள்வீர்களா என்று கேட்டுக் கொடு. முதல் தடவை உனக்கு வழி காட்டியவருக்கு முன்கூட்டியே போன் போட்டால் அவரே படகுத்துறைக்கு வந்து நிற்பார்.